இயல்பான புராஸ்டேட் விரலிலும் ஸ்கேனிலும் எப்படித் தெரியும்: முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி ஹவுஸ் சர்ஜன்களுக்காகவும், அறுவை மருத்துவம், சிறுநீரகவியல், கதிரியக்கவியல் துறைகளில் புதிதாகச் சேர்ந்த முதுநிலை மாணவர்களுக்காகவும் எழுதப்பட்டது. ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அதிலுள்ள சொற்களுக்குப் பொருள் தேடுகிறவர்களும் படிக்கலாம்; ஆனால் தாமாக முடிவு கட்டாமல், சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் முதல் நொடியிலிருந்தே கட்டியைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். இயல்பான சுரப்பியில் எது எங்கே இருக்கும் என்பது மனத்தில் பதியாத வரை, இயல்பான உறுப்புப் பகுதிகளே அவர்கள் கண்ணுக்குப் புற்றுநோயாகத் தெரியும்; உண்மையான கட்டியோ கண்ணில் படாமல் போய்விடும். ஆகவே ஒவ்வொரு பரிசோதனையிலும் முதலில் அடையாளங்களைக் கண்டுபிடித்து, இயல்பானவற்றை ஒவ்வொன்றாக உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே எஞ்சியிருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். கீழேயுள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன.

1. மனத்தில் இருக்க வேண்டிய வரைபடம்

புராஸ்டேட் சிறுநீர்ப்பையின் கழுத்துக்குக் கீழே, முன்புற இடுப்பெலும்பு இணைப்புக்குப் பின்னால், மலக்குடலுக்கு முன்னால் இருக்கிறது. அதன் அகன்ற அடிப்பகுதி மேல்நோக்கிச் சிறுநீர்ப்பையை ஒட்டியிருக்கும். குறுகிய நுனி கீழ்நோக்கி இடுப்புத் தளத் தசையின் மேல் அமர்ந்திருக்கும். ‘அடி’ மேலே, ‘நுனி’ கீழே என்பதை முதலிலேயே மனத்தில் நிறுத்திக்கொள்ளாதவர்கள் படங்களைத் தலைகீழாக வாசிக்கிறார்கள்.

சிறுநீர்த் தாரை சுரப்பியின் நடுவே இறங்குகிறது. பின்புறச் சுவரில் அதன் பாதி வழியில் ஒரு சிறிய மேடு உண்டு. வெருமான்டானம் என்று அழைக்கப்படும் அந்த மேட்டில்தான் விந்து பீச்சுக் குழாய்கள் இரண்டும் திறக்கின்றன. ஸ்கேனில் சுரப்பியின் மேல்பாதி எது, கீழ்பாதி எது என்று பிரித்துக்கொள்ள இதைவிட நல்ல எல்லைக்கல் கிடையாது.

சுரப்பித் திசு மூன்று மண்டலங்களாகப் பிரிகிறது. இளம் வயதில், பின்புறமும் பக்கவாட்டிலும் சூழ்ந்திருக்கும் புறமண்டலம் ஏறத்தாழ 70 விழுக்காடு; பீச்சுக் குழாய்களைச் சூழ்ந்து மேல்பாதியில் இருக்கும் மையமண்டலம் ஏறத்தாழ 25 விழுக்காடு; சிறுநீர்த் தாரையின் இருபுறமும் இருக்கும் இடைமண்டலம் 5 விழுக்காடு மட்டுமே. முன்புறத்தில் சுரப்பிகள் இல்லாத நார்த்தசைப் பகுதி ஒன்று கவசமாக அமைந்திருக்கிறது. புற்றுநோயில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு புறமண்டலத்தில் தோன்றுகிறது. வயது ஏறும்போது வரும் சாதாரண வீக்கம் இடைமண்டலத்தில் தோன்றுகிறது. இந்த ஒரு வேறுபாடு தெரிந்திருந்தால், ஒவ்வொரு ஸ்கேனிலும் எந்தப் பகுதியில் எதைத் தேட வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

2. வயதும் மருந்தும் தெரியாமல் அளவைப் பற்றிப் பேச வேண்டாம்

இளைஞரின் சுரப்பி குறுக்கே ஏறத்தாழ 4 செ.மீ., நீளம் 3 செ.மீ., முன்பின்னாக 2 முதல் 2.5 செ.மீ. இருக்கும், எடை 20 கிராமை ஒட்டியிருக்கும். ஒரு மில்லிலிட்டர் சுரப்பித் திசு ஏறத்தாழ ஒரு கிராம் எடை கொள்வதால், ஸ்கேன் தரும் கன அளவையே எடையாகவும் எடுத்துக்கொள்வது வழக்கம்.

நாற்பதைத் தாண்டிய பிறகு இடைமண்டலம் மெல்ல வளரத் தொடங்குகிறது. 51 முதல் 60 வயதுக்குட்பட்ட ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் சுரப்பியில், நுண்ணோக்கியில் பார்த்தால், இந்த வளர்ச்சி இருக்கிறது. எனவே எழுபது வயதுக்காரருக்கு 32 மி.லி. என்று வந்தால் அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. முப்பது வயதுக்காரருக்கு அதே அளவு வந்தால், ஒன்று அளந்தது தவறு, அல்லது அழற்சி போன்ற வேறொரு காரணம் இருக்கிறது.

மருந்து விவரம் கேட்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஃபினாஸ்டரைடு, டுடாஸ்டரைடு ஆகியவற்றை ஆறு மாதத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டவரின் சுரப்பி சுருங்கியிருக்கும், பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும், இரத்தத்தில் அளக்கப்படும் ஒரு புரதம்) மதிப்பும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கும். முடி கொட்டுவதற்காக ஃபினாஸ்டரைடு சாப்பிடுகிறவர் ‘புராஸ்டேட்டுக்கு மருந்து எடுக்கிறீர்களா’ என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். மருந்துச் சீட்டையே வாங்கிப் பார்ப்பது நல்லது. முன்பு டி.யு.ஆர்.பி. (சிறுநீர்த் தாரை வழியாகப் புராஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கும்) அறுவை செய்துகொண்டாரா என்றும் கேட்க வேண்டும். செய்திருந்தால் சிறுநீர்ப்பைக் கழுத்து புனல் வடிவில் திறந்திருக்கும், அது அவருக்கு இயல்பு.

3. பரிசோதனைகளின் வரிசை

பி.எஸ்.ஏ. பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதாக இருந்தால், விரல் பரிசோதனைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். விரல் பரிசோதனையால் மதிப்பு ஏறுவது சிறிதளவுதான் என்றாலும், வரிசையை மாற்றுவதில் செலவு ஒன்றுமில்லை. பிறகு வரும் ஐயத்தையும் தவிர்க்கலாம். விந்து வெளியேறி இரண்டு நாள் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர்த் தொற்று வந்திருந்தால் அது குணமாகிப் பொதுவாக 6 வாரம் கழித்தே இரத்தம் எடுக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. எடுப்பதாக இருந்தால் அது ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் திசுச் சோதனைக்கு (பயாப்ஸி) முந்தியதாக இருப்பதே மேல். ஊசி குத்திய இடங்களில் இரத்தம் கசிந்து தங்கி, டி2 எனப்படும் எம்.ஆர்.ஐ. பட வகையில் புறமண்டலத்தைக் கருமையாக்கிவிடும். அது புற்றுநோயின் தோற்றத்தையே ஒத்திருக்கும். ஏற்கெனவே ஊசி குத்தியாகிவிட்டது என்றால், 6 வாரமோ அதற்கு மேலோ இடைவெளி விடுவது வழக்கம்.

4. விரல் பரிசோதனை

முதலில் நோயாளியைச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். நிரம்பிய சிறுநீர்ப்பை சுரப்பியை அழுத்தி, அதன் மேல் எல்லையைத் தெளிவில்லாமல் செய்துவிடும், நோயாளிக்கும் தொல்லை. பரிசோதனை எதற்காக, என்ன செய்யப் போகிறோம் என்று விளக்கி, ஒப்புதல் பெற்று, உடனிருக்க ஒருவரை ஏற்பாடு செய்துகொண்டு, திரையை இழுத்துவிட்ட பிறகே தொடங்க வேண்டும். காய்ச்சலும் நடுக்கமுமாக வந்தவருக்குத் திடீரெனத் தோன்றிய கடும் அழற்சி இருக்கலாம். அவரிடம் சுரப்பியை அழுத்தித் தேய்த்தால் கிருமிகள் இரத்தத்தில் கலக்கக்கூடும். வெள்ளணுக்கள் மிகவும் குறைந்தவரிடமும், ஆசனவாயில் வெடிப்பால் கடும் வலியுள்ளவரிடமும் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதே முறை.

நோயாளியை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் செய்து, முழங்கால்களை மார்பை நோக்கி மடக்கச் சொல்லி, இடுப்பு கட்டிலின் விளிம்புக்கு வரும்படி நகர்த்த வேண்டும். இடுப்பு விளிம்புக்கு வராவிட்டால் விரல் சாய்வாகச் செல்லும்; சுரப்பியின் ஒரு பாதி மட்டுமே எட்டும். பருமனானவர்களிடம் இந்த நிலையில் விரல் எட்டவில்லை என்றால், கட்டிலில் முழங்கைகளை ஊன்றிக் குனிந்து நிற்கச் சொல்லிப் பார்க்கலாம்.

கையுறை அணிந்த சுட்டுவிரலில் தாராளமாக ஜெல் தடவி, விரலின் சதைப்பகுதியை ஆசனவாயின் மேல் வைத்துச் சில நொடிகள் காத்திருக்க வேண்டும். சுருக்குத்தசை தளர்வது கைக்கே தெரியும். அதன் பிறகு மெதுவாக உள்ளே செலுத்த வேண்டும். தசை தளருமுன் விரல்நுனியால் குத்துவதுதான் வலி உண்டாவதற்கும், அதனால் நோயாளி மறுப்பதற்கும் முதற்காரணம். இந்தக் கட்டத்தில், “ஐயா, ஒண்ணுக்கு வர்ற மாதிரி இருக்கும், ஆனா வராது, பயப்படாதீங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், சுரப்பியைத் தொட்டதும் அவர் உடலை இறுக்கிக்கொள்ளாமல் ஒத்துழைப்பார்.

விரலின் சதைப்பகுதியை நோயாளியின் தொப்புளை நோக்கித் திருப்ப வேண்டும். ஆசனவாயிலிருந்து ஏறத்தாழ 4 முதல் 5 செ.மீ. உள்ளே, முன்சுவரின் வழியாகச் சுரப்பி தட்டுப்படும். விரல் முதலில் தொடுவது நுனியை. மேலே செல்லச் செல்ல அடிப்பகுதி. ஒரே இடத்தில் அழுத்திப் பார்த்துவிட்டு விரலை எடுத்துவிடாமல், பின்வரும் வரிசையில் தடவிப் பார்ப்பது மறதியைத் தடுக்கும்.

முதலில் நடுப்பள்ளம். இயல்பான சுரப்பியில் இரண்டு மடல்களுக்கு நடுவே மேலிருந்து கீழாக ஓர் ஆழமற்ற பள்ளம் தெளிவாகத் தெரியும். வீக்கம் வளரும்போது முதலில் மங்குவது இதுதான். அடுத்து, வலமடலை முழுவதும் தடவி அதன் பக்கவாட்டு விளிம்பு வரை போய், பிறகு இடமடலையும் அப்படியே செய்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தவரிடம் மேலே இருப்பது அவருடைய வலமடல் என்பதைப் புதியவர்கள் மறந்துவிட்டு, குறிப்பேட்டில் பக்கத்தை மாற்றி எழுதுகிறார்கள். பின்னர் எம்.ஆர்.ஐ.யோடு ஒப்பிடும்போது இந்தப் பிழை பெரிய குழப்பத்தை உண்டாக்கும்.

பரப்பு வழவழப்பாகவும் சீராகவும் இருக்க வேண்டும். உறுதியை அறிய உங்கள் கையையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுக்கொண்டு, கட்டைவிரலின் அடியிலுள்ள சதைமேட்டை மறுகை விரலால் அழுத்திப் பாருங்கள். அந்த இழுவையான உறுதிதான் இயல்பான புராஸ்டேட். விரல் முட்டி எலும்பை அழுத்தும்போது கிடைக்கும் கடினம் எங்கேனும், ஒரு பயறளவு இடத்தில் தட்டுப்பட்டாலும் அது இயல்பல்ல.

அளவைப் பொறுத்தவரை, இயல்பான சுரப்பி ஏறத்தாழ இரண்டு விரற்கடை அகலம் இருக்கும். மலக்குடலுக்குள் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே துருத்தும். அதன் மேல் எல்லையை விரல் பெரும்பாலும் எட்டிவிடும். மலக்குடலின் சளிச்சவ்வு அதன் மேல் தடையின்றி நகரும். அழுத்தினால் சிறுநீர் வரும் உணர்வு உண்டாகலாம், ஆனால் வலிக்கக் கூடாது. விந்துப்பைகள் இயல்பான நிலையில் விரலுக்குத் தட்டுப்படுவதில்லை. தட்டுப்பட்டால் அதையே ஒரு கண்டுபிடிப்பாக எழுத வேண்டும்.

விரல் தொடுவது பின்புறப் பரப்பை மட்டுமே. முன்புறக் கட்டியும், சிறுநீர்ப்பைக்குள் துருத்தும் நடுமடல் வளர்ச்சியும் விரலுக்குத் தெரியாது. ஆகவே குறிப்பேட்டில் ‘புராஸ்டேட் இயல்பு’ என்று எழுதுவதைவிட, ‘தொட்டறிந்த பின்புறப் பரப்பு வழவழப்பாக, சமச்சீராக, நடுப்பள்ளத்துடன், கட்டியும் வலியும் இன்றி உள்ளது’ என்று எழுதுவது நேர்மையானது.

5. வயிற்றின் வழியாக அல்ட்ராசவுண்ட்

இதற்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும்; ஒலியலைகள் சிறுநீர் வழியாகச் சென்றுதான் பின்னாலுள்ள சுரப்பியைக் காட்டுகின்றன. ஆனால் ‘முட்டிக்கொண்டு வந்தால்தான் ஸ்கேன்’ என்று முதியவர்களை லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்க வைத்து உட்காரவைக்கும் பழக்கம் நல்லதல்ல. அளவுக்கு மீறி விரிந்த சிறுநீர்ப்பை சுரப்பியைக் கீழே தள்ளித் தட்டையாக்கிவிடும். அதைவிட முக்கியமாக, அப்படி விரிந்த பை சரியாகச் சுருங்காததால், சிறுநீர் கழித்த பின் எஞ்சும் அளவு பொய்யாக அதிகமாகத் தெரியும். சாதாரணமாகச் சிறுநீர் வரும் உணர்வு உண்டாகும் நிலை, அதாவது 200 முதல் 300 மி.லி., போதுமானது.

3.5 மெகாஹெர்ட்ஸ் அளவிலான வளைந்த புரோபை இடுப்பெலும்பு இணைப்புக்குச் சற்று மேலே குறுக்காக வைத்து, ஒலிக்கற்றை எலும்புக்குப் பின்னால் இறங்கும்படி கால்பக்கம் சாய்க்க வேண்டும். சாய்க்காமல் நேராகப் பார்த்தால் சிறுநீர்ப்பையின் பின்னால் விந்துப்பைகள்தான் தெரியும். அவற்றையே புராஸ்டேட் என்று அளந்துவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் பிழை. சிறுநீருக்குப் பின்னால் வரும் எதிரொலி மிகையாக வெளிச்சமாகத் தெரியும் என்பதால், ஆழத்துக்கேற்ற ஒலிப்பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டால்தான் சுரப்பியின் உள்ளமைப்புத் தெரியும்.

குறுக்குப் படத்தில் இயல்பான சுரப்பி, இருபுறமும் சமமாக, வட்டமான மூலைகள் கொண்ட முக்கோணம் போலவோ அரைச்சந்திரன் போலவோ தெரியும். எதிரொலி நடுத்தரமாக, சீராக இருக்கும். விளிம்பு வழவழப்பாக, அறுபடாமல் செல்லும். சிறுநீர்ப்பையின் தரை தட்டையாக இருக்க வேண்டும். நெடுக்குப் படத்தில் சுரப்பி சிறுநீர்ப்பைக்குள் துருத்தினால், தரைக்கோட்டிலிருந்து துருத்தலின் உச்சி வரை அளந்து எழுத வேண்டும்; 10 மி.மீ.க்கு மேற்பட்ட துருத்தல் சிறுநீர்ப் பாதையை அடைக்கும் வாய்ப்பு அதிகம். இந்த அளவைப் பை மிக நிரம்பியிருக்கும்போது எடுத்தால் குறைத்துக் காட்டும்.

சுற்றுச் சுவரிலும் இடைமண்டலத்தின் எல்லையிலும் வெண்புள்ளிகளாகச் சுண்ணாம்புப் படிவுகள் தெரிவது நடுவயதைத் தாண்டியவர்களில் மிகச் சாதாரணம். அவற்றை அறிக்கையில் குறிப்பிடலாம். நோயாளியை அச்சுறுத்தும் தொனியில் எழுத வேண்டியதில்லை.

கடைசியாகச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, எஞ்சிய அளவைப் பார்க்க வேண்டும். 50 மி.லி.க்குக் குறைவானதைப் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. அதிகமாக வந்தால், மீண்டும் ஒருமுறை கழித்துவிட்டு வரச் சொல்லி அளந்த பிறகே எழுத வேண்டும்.

6. கன அளவு: மூன்று கோடுகள், ஒரு பெருக்கல்

குறுக்குப் படத்தில் மிக அகலமான இடத்தில் அகலத்தையும், நெடுக்கு நடுக்கோட்டுப் படத்தில் நீளத்தையும் முன்பின் தடிமனையும் அளந்து, மூன்றையும் பெருக்கி 0.52ஆல் பெருக்க வேண்டும். சுரப்பியை ஒரு நீள்வட்டத் திண்மமாகக் கொள்வதால் இந்த எண் வருகிறது.

இங்கே சிறு பிழை எவ்வளவு பெரிதாகிறது என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது பயன்படும். 4.0, 2.6, 3.2 செ.மீ. என்று அளந்தால் கன அளவு 17.3 மி.லி. ஒவ்வொரு கோட்டையும் வெறும் அரை சென்டிமீட்டர் நீட்டி 4.5, 3.1, 3.7 என்று வைத்தால் 26.8 மி.லி. ஆகிவிடுகிறது. அவருடைய பி.எஸ்.ஏ. 4.0 என்று வைத்துக்கொள்வோம். பி.எஸ்.ஏ.யைக் கன அளவால் வகுத்துக் கிடைக்கும் அடர்த்தி முதல் கணக்கில் 0.23, இரண்டாவதில் 0.149. திசுச் சோதனை வேண்டுமா என்று முடிவெடுக்கையில் பலரும் வைத்துக்கொள்ளும் எல்லை 0.15. ஆக, கோடு போட்ட கை சற்றே தளர்ந்ததால் ஒருவர் எல்லையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடுகிறார்.

பிழை நுழையும் வழிகள் சில உண்டு. நீளத்தை நடுக்கோட்டிலிருந்து விலகிய படத்தில் அளப்பது, அடிப்பகுதியில் சிறுநீர்ப்பைக் கழுத்தின் தசையையும் சேர்த்துக்கொள்வது, எலும்பின் நிழலில் மறைந்த நுனியை ஊகத்தால் முடிப்பது ஆகியவை முக்கியமானவை. நுனி தெரியவில்லை என்றால் ‘நுனி தெளிவாகத் தெரியவில்லை, கன அளவு தோராயம்’ என்று எழுதிவிடுவதே சரி.

7. மலக்குடல் வழியாக அல்ட்ராசவுண்ட்

மலக்குடல் காலியாக இருக்க வேண்டும். மலமும் வாயுவும் ஒலியை மறித்துவிடும். புரோபின் மேல் உறை மாட்டுவதால் லேட்டக்ஸ் ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். விரல் பரிசோதனை செய்து, தடை ஏதும் இல்லை என்று தெரிந்த பிறகே புரோபைச் செலுத்த வேண்டும். 6 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், சுரப்பிக்கு மிக அருகிலிருந்து பார்ப்பதால் மண்டலங்கள் இங்கேதான் முதன்முதலாகப் பிரிந்து தெரிகின்றன.

படத்தில் மலக்குடல் கீழே வருமா மேலே வருமா என்பது கருவிக்குக் கருவி மாறும். அதை முதலில் உறுதி செய்துகொண்டு, மேலே விந்துப்பைகளில் தொடங்கி நுனி வரை குறுக்குப் படங்களாக இறங்க வேண்டும். விந்துப்பைகள் இருபுறமும் சமமாக, பட்டாம்பூச்சிக் கழுத்துப் பட்டை வடிவில், சுரப்பியைவிடக் கருமையாகத் தெரியும். புறமண்டலம் சீரான நடுத்தர எதிரொலியுடன் பின்புறம் பிறைவடிவில் சூழ்ந்திருக்கும். இடைமண்டலம் அதைவிடச் சற்றுக் கருமையாகவும், வயதானவர்களில் சீரற்றும் இருக்கும். முன்புற நார்த்தசைப் பகுதியும் சிறுநீர்த் தாரையைச் சுற்றியுள்ள தசையும் கருமையாகத் தெரிவது இயல்பு.

புறமண்டலத்தில் கருமையான புள்ளி தெரிந்தால் புற்றுநோயை நினைக்க வேண்டும் என்பது பாடம். அதன் மறுபக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: புற்றுநோய்களில் கணிசமானவை சுற்றியுள்ள திசுவைப் போன்ற எதிரொலியே தருவதால், இயல்பாகத் தோன்றும் படம் புற்றுநோய் இல்லை என்பதற்கு உறுதியாகாது. புரோபை அழுத்திப் பிடித்தால் புறமண்டலம் நசுங்கி மெலிந்து தெரியும்; படம் கிடைக்கும் அளவுக்கு மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

8. எக்ஸ்ரே, சி.டி., பெட்

சாதாரண எக்ஸ்ரேயில் புராஸ்டேட் தெரியாது. சுண்ணாம்புப் படிவு இருந்தால் இடுப்பெலும்பு இணைப்பை ஒட்டி அது மட்டும் தெரியும். சி.டி.யில் சிறுநீர்ப்பைக்குக் கீழே ஒரே சீரான மென்திசு உருண்டையாகத் தெரியும். மண்டலங்களை நம்பத்தக்க வகையில் பிரித்தறிய முடியாது. நுனி இடுப்புத் தளத் தசையோடு கலந்து தெரிவதால் சி.டி. அளவு மிகையாகவே வரும். சி.டி.யை வைத்துப் புராஸ்டேட் இயல்பு என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. அது நிணநீர்க் கணுக்களையும் எலும்பையும் பார்ப்பதற்கான கருவி. பி.எஸ்.எம்.ஏ. பெட் (புராஸ்டேட் செல்களில் உள்ள ஒரு புரதத்தில் ஒட்டும் கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும்) படத்தில் இயல்பான சுரப்பியும் மிதமாக மருந்தை ஏற்கும், மேல்பாதியில் மையமண்டலம் சற்றுக் கூடுதலாக ஏற்கலாம். பக்கத்திலேயே சிறுநீர்ப்பையில் தேங்கும் மருந்தும் பளிச்சிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

9. எம்.ஆர்.ஐ. வாசிக்கும் வரிசை

பேஸ்மேக்கர், உடலுக்குள் உலோகப் பொருள், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைக் கேட்டறிவது முதல் வேலை. ஸ்கேனுக்குச் சற்று முன் மலம் கழித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். மலக்குடலில் வாயு இருந்தால், திசுவில் நீரின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் படங்கள் நெளிந்துவிடும். பாதிக்கப்படுவது வாயுவை ஒட்டியிருக்கும் புறமண்டலம்தான், அதாவது நாம் மிகவும் பார்க்க விரும்பும் இடம். குடல் அசைவைக் குறைக்கச் சில மையங்களில் ஊசி போடுகிறார்கள்.

வாசிக்கும்போது முதலில் டி1 படம். இதில் இயல்பான சுரப்பி முழுவதும் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும், மண்டலங்கள் தெரியாது. பயனில்லாத படம் என்று இதைத் தாண்டிச் செல்லக் கூடாது. பழைய இரத்தக் கசிவு இங்கே வெண்மையாகத் தெரியும். டி2 படத்தில் அதே இடம் கருமையாக இருந்தால் அது கசிவாக இருக்கலாம் என்று முன்பே தெரிந்துகொண்டு போகலாம்.

அடுத்து டி2 நெடுக்குப் படத்தில் சிறுநீர்த் தாரையையும் வெருமான்டானத்தையும் கண்டுபிடித்து, சுரப்பியின் நீளத்தை அளந்துகொள்ள வேண்டும். பிறகு குறுக்குப் படங்களில் மேலிருந்து கீழாக இறங்க வேண்டும். திரையின் இடப்பக்கம் நோயாளியின் வலப்பக்கம்.

அடிப்பகுதியில் சிறுநீர்ப்பையின் பின்னால் விந்துப்பைகள் வெண்மையான சுருள் குழாய்களாகத் தெரியும். சுரப்பிக்குள் வந்ததும், நடுக்கோட்டின் இருபுறமும் பீச்சுக் குழாய்களைச் சூழ்ந்து கருமையான சமச்சீர்ப் பகுதி ஒன்று வரும், இதுவே மையமண்டலம். நடுப்பகுதியில் வெருமான்டானம் சிறு வெண்மையாகவும், அதன் இருபுறமும் இடைமண்டலமும், பின்னால் பிறைபோல் வளைந்த வெண்மையான புறமண்டலமும் தெரியும். இவ்விரு மண்டலங்களுக்கும் இடையிலுள்ள மெல்லிய கருங்கோட்டை ‘அறுவை உறை’ என்பார்கள். வெளி விளிம்பிலும் அதேபோல் ஒரு மெல்லிய கருங்கோடு உண்டு. அது அறுபடாமல் தொடர்கிறதா என்று விரல்நுனியால் திரையில் தொடர்ந்து பார்க்கலாம். கடிகாரத்தின் 5 மணி, 7 மணி இடங்களில் நரம்பு-இரத்தக்குழாய்க் கற்றைகள் கொழுப்புக்கு நடுவே சிறு புள்ளிகளாகத் தெரியும். நுனியில் பெரும்பாலும் புறமண்டலமே சிறுநீர்த் தாரையை வளையமாகச் சூழ்ந்திருக்கும்.

வயதானவர்களின் இடைமண்டலம் வெண்மையும் கருமையுமாகப் பல முடிச்சுகள் நிறைந்து காணப்படும். ஒரு முடிச்சு வட்டமாக, முழுவதும் உறையால் சூழப்பட்டிருந்தால் அது இயல்பான வயது மாற்றம். புற்றுநோய் ஐயத்துக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் தரும், 2019இல் வந்த பைராட்ஸ் 2.1 முறையிலும் அதற்கு 1 என்ற மதிப்பெண்ணே தருகிறார்கள்.

அதன் பிறகு டிஃப்யூஷன் படம். இயல்பான புறமண்டலம் உயர் பி-மதிப்புப் படத்தில் (டிஃப்யூஷன் உணர்திறனைக் கூட்டி எடுத்தது) கருமையாகவும், டிஃப்யூஷன் படங்களிலிருந்து கணக்கிடும் ஏ.டி.சி. வரைபடத்தில் வெண்மையாகவும் இருக்கும். ஐயத்துக்குரிய இடம் இதற்கு நேரெதிராக இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்தே பார்க்க வேண்டும், ஒன்றை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. புறமண்டலத்தில் டிஃப்யூஷனும், இடைமண்டலத்தில் டி2வும் முதன்மை. நரம்பு வழியாக மருந்து செலுத்தி எடுக்கும் கான்ட்ராஸ்ட் படம் கடைசி. இயல்பான புறமண்டலம் மெதுவாக, சீராக ஒளியேறும்.

10. இயல்பானவை நோய் போலத் தெரியும் இடங்கள்

முதலிடம் மையமண்டலத்துக்கு. டி2விலும் ஏ.டி.சி.யிலும் அது கருமை, புற்றுநோயும் அப்படியே. ஆனால் மையமண்டலம் அடிப்பகுதியிலிருந்து வெருமான்டானம் வரை பீச்சுக் குழாய்களைத் தொடர்ந்து இறங்கும், இருபுறமும் சமமாக இருக்கும், கான்ட்ராஸ்ட் கொடுத்தால் முந்திக்கொண்டு ஒளியேறாது. முகப்புத் தளப் (கொரோனல்) படத்தைத் திறந்து பார்த்தால் இந்தச் சமச்சீர் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இடைமண்டல வீக்கம் ஒருபுறம் அதிகமாகி மையமண்டலத்தைத் தள்ளியிருந்தால் சமச்சீர் கெட்டிருக்கும். அப்போது மற்ற இரண்டு அடையாளங்களையே நம்ப வேண்டும்.

அடுத்தது முன்புற நார்த்தசைப் பகுதி. டி2விலும் ஏ.டி.சி.யிலும் கருமை, ஆனால் உயர் பி-மதிப்புப் படத்திலும் கருமையாகவே இருக்கும். புற்றுநோய் அதில் வெண்மையாகும். ஒருபுறம் மட்டும் தடித்திருந்தாலோ, முந்தி ஒளியேறினாலோ இயல்பு என்று விட்டுவிடக் கூடாது.

அடிப்பகுதியில் புறமண்டலத்தின் நடுக்கோட்டில், அறுவை உறையும் சுற்றியுள்ள சவ்வும் ஒன்றுசேரும் இடம் கருமையாகத் தடித்துத் தெரிவதுண்டு. நடுவில் சரியாக அமைந்து, இருபுறமும் சமமாக மெலிந்து முடிந்தால் அது பெரும்பாலும் கட்டி அல்ல. கடைசியாக, சுரப்பியின் முன்-பக்கவாட்டிலுள்ள சிரைப் பின்னல். டி2வில் அது வெண்மையாக இருப்பதால் புறமண்டலத்தின் தொடர்ச்சியாகத் தோன்றும். அதைச் சேர்த்து அளந்தால் அகலம் கூடிவிடும். வெளி விளிம்பின் கருங்கோடு எங்கே இருக்கிறதோ அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

11. அறிக்கையில் எழுத வேண்டியவை

எந்த வழியாகப் பார்த்தது, மூன்று அளவுகள், கன அளவு, விளிம்பு, உள்ளமைப்பு, சிறுநீர்ப்பைக்குள் துருத்தல், விந்துப்பைகள், சிறுநீர் கழித்த பின் எஞ்சிய அளவு என்ற வரிசையில் எழுதினால் எதுவும் விடுபடாது. எம்.ஆர்.ஐ.யில் ஒவ்வொரு மண்டலத்தைப் பற்றியும் தனியாக ஒரு வரி வேண்டும்.

‘முதல் நிலை வீக்கம்’ என்று அளவு எதுவும் இல்லாமல் எழுதும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். நிலைகளின் எல்லை மையத்துக்கு மையம் வேறுபடுவதால், அடுத்த ஆண்டு வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுக்கும்போது சுரப்பி வளர்ந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. முந்தைய அறிக்கையோடு ஒப்பிடும்போது, இரண்டும் ஒரே முறையில் அளந்தவையா என்று பார்க்க வேண்டும். வயிற்று வழி அல்ட்ராசவுண்டில் 24 மி.லி., பிறகு சி.டி.யில் 31 மி.லி. என்றிருந்தால், அதை வளர்ச்சி என்று எழுதாமல், முறைகள் வேறு என்ற குறிப்போடு இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் தர வேண்டும்.